ஐந்தாம் தடம்

வெற்றிச்செல்வி நந்தினியை முதன்முதலில் பார்த்தபோது அந்தப் பிள்ளைக்கு ஆறு வயது. வெற்றிச்செல்வி வேலை பார்க்கும் பெரம்பலூர் ஆய்வகத்தின் முன்னறையில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து, ஒரு பிஸ்கட்டைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பதும் கடிப்பதுமாக இருந்தாள். விளையாடுகிறாள் என்று அவள் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பிள்ளையால் கண்ணைக் கீழே இறக்க முடியவில்லை. கையில் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் கையை உயர்த்தித்தான் ஆக வேண்டும்.

அப்பா வீரமணி ரெட்டிபாளையத்துக்காரன். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறவன். அம்மா ஜெயசுதா உடையார்பாளையத்துப் பெண். வீரமணி அவளுடைய அம்மாவின் கடைசித் தம்பி. சொந்தத் தாய்மாமனையே கட்டியிருந்தாள். திருச்சியில் ஒரு குழந்தை நரம்பு டாக்டர் நந்தினியின் முன்கையிலிருந்து பொட்டளவு தோலை எடுத்துக் குழாயில் போட்டு, ஐஸ் வைத்த பிளாஸ்கில் அடைத்து, நேராகப் பெரம்பலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் வழி முழுக்கப் பிளாஸ்க் வீரமணியின் மடியிலும் பிள்ளை ஜெயசுதாவின் மடியிலுமாக வந்திருக்கிறார்கள்.

படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெற்றிச்செல்வி கேட்டாள். "எப்ப ஆரம்பிச்சுதுங்க?"

"நாலு வயசு வரைக்கும் நல்லாத்தான் மேடம் ஓடுனா" என்றாள் ஜெயசுதா. "அப்புறம் படியில எறங்கறப்ப தடுக்கி வுழ ஆரம்பிச்சா. பேச்சு கொழகொழன்னு ஆயிடுச்சு. இப்ப சிரிச்சா வுழுந்துடுறா."

"சிரிச்சாவா?"

"ஆமாங்க. சத்தமா சிரிச்சான்னா அப்புடியே காலு ரெண்டும் துவண்டு கீழ போயிடுறா. நெனவு இருக்கும், எந்திரிக்க முடியாது. ரெண்டு தடவ மண்டையில தையல் போட்டாச்சு. அதனால வூட்ல டிவியில காமெடியே வெக்கிறதில்ல. அவ முன்னாடி யாரும் சிரிக்கிறதில்ல."

வீரமணி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "நாந்தான் வேடிக்க காட்டுவேன். இப்ப வுட்டுட்டேன்" என்றான்.

அது மூன்று அறைகள் மட்டும் உள்ள தனியார் ஆய்வகம். டாக்டர் ஜெயப்பிரகாஷ் வெளிநாட்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து ஆரம்பித்தது. உடம்புக்குள் கொலஸ்ட்ரால் எப்படி இடம் மாறுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. செல்லுக்குள் வந்து சேரும் கொலஸ்ட்ராலைப் பிடித்து வெளியே எடுத்துக் கொடுக்கும் ஒரு சின்னப் புரதம் உண்டு. அது இல்லாமல் பிறக்கிற குழந்தைகள் லட்சத்தில் ஒன்று கூட இருக்காது. அப்படிப் பிறந்தால் கொலஸ்ட்ரால் செல்லுக்குள்ளேயே தேங்கி மண்ணீரல் வீங்கும், மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். நந்தினிக்கு அதுவாக இருக்குமோ என்று திருச்சி டாக்டருக்குச் சந்தேகம். அந்தப் புரதம் பிள்ளையின் செல்லில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

பார்ப்பதற்கு ஆன்டிபாடி இருந்தது. முயலின் ரத்தத்திலிருந்து எடுத்து, ஒரு வெளிநாட்டு கம்பெனி விரல் நுனி அளவு குப்பியில் அடைத்து அனுப்பியது. எந்தப் புரதத்துக்காகச் செய்யப்பட்டதோ அதைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. பல பேருடைய செல் சாறுகளை ஒரு ஜெல் பலகையில் பக்கத்துப் பக்கத்துத் தடங்களில் கரண்ட் வைத்து ஓடவிட்டு, சவ்வுக்கு மாற்றி, அதன்மேல் இந்த ஆன்டிபாடியை ஊற்றி வைத்தால், புரதம் உள்ள தடத்தில் அதன் அளவுக்கேற்ற உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். இல்லாத தடம் வெறுமையாக இருக்கும்.

தோலிலிருந்து செல்களை வளர்த்தெடுக்க ஐந்து வாரம் ஆனது. நந்தினியின் சாற்றை வெற்றிச்செல்வி ஐந்தாம் தடத்தில் இட்டாள். கோடு விழுந்தது. நல்ல அழுத்தமான கோடு. அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது அது இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே இருப்பதுபோலத் தோன்றியது. ஆனால் எல்லாத் தடத்திலும் அதே உயரத்தில்தான் இருந்தது. தன்னுடைய நோட்டில் 'ஒரு நூல் மேலே?' என்று பென்சிலால் எழுதினாள். அன்று கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. ஜெல் சரியாக ஓடவில்லை போலும் என்று எண்ணிக்கொண்டாள்.

"இருக்கு சார்" என்று படத்தைக் காட்டினாள்.

ஜெயப்பிரகாஷ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நல்ல கோடு. அப்ப இந்த நோய் இல்ல. எழுதிக் குடுத்துடு, நான் கையெழுத்துப் போடுறேன்."

அறிக்கையை வாங்க வீரமணியும் ஜெயசுதாவும் சேர்ந்து வந்தார்கள். பொடி எழுத்தில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அடியில் அச்சாகியிருந்த அந்தத் தாளை வெற்றிச்செல்விதான் அவர்களுக்குப் படித்துக் காட்டினாள். பரம்பரையாக வருகிற அந்த நோய் இல்லை என்று சொன்னாள். ஜெயசுதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். திருச்சி டாக்டர் அதற்கப்புறம் மரபணுச் சோதனையை வலியுறுத்தவில்லை. பிறக்கும்போது மூளைக்குக் காற்றுக் குறைந்திருக்கலாம் என்று சொல்லி, வலிப்புக்கு மாத்திரையும் கைகால் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டரை வருடம் போனது.

முயல் ஆன்டிபாடிக் குப்பி தீர்ந்துபோய், வேறு கம்பெனியிலிருந்து புதிதாக ஒன்று வாங்கினார்கள். இந்த முறை கூடவே ஒரு குழாய் செல்லும் வந்தது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவையே வெட்டி நீக்கிய செல். அதில் கோடு விழவே கூடாது. விழுந்தால் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம். பழைய குப்பியின் அடியில் ஒட்டியிருந்த கடைசிச் சொட்டையும் சேர்த்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று வெற்றிச்செல்விக்குத் தோன்றியது. ஒரு புதன்கிழமை காலையில் செய்தாள்.

புதியது வெட்டிய செல்லில் கோடு போடவில்லை. பழையது போட்டது. அழுத்தமாக, அன்று எல்லாத் தடத்திலும் போட்ட அதே கோடு, அதே உயரத்தில்.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பழைய குப்பியை வைத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தது பதினான்கு பேருக்கு. எல்லாருடைய சாறும் உறைபெட்டியில் இருந்தது. மதியத்துக்குள் பதினான்கையும் எடுத்து உருக்கி, புதிய ஆன்டிபாடியால் திரும்ப ஓட்டினாள். மறுநாள் படம் வந்தது. பதிமூன்று தடத்தில் கோடு இருந்தது, ஒரு நூல் கீழே, இருக்க வேண்டிய இடத்தில். பழைய வரிசைப்படியே இட்டிருந்ததால் நந்தினியினுடையது இப்போதும் ஐந்தாம் தடம். அது வெள்ளையாக இருந்தது.

இன்னொரு முறை ஓட்டினாள். அப்போதும் வெள்ளை. பழைய நோட்டைத் தேடி எடுத்துப் பென்சிலால் எழுதிய அந்த மூன்று சொல்லைப் பார்த்தாள். தன் கையெழுத்துத்தான். அந்தக் கேள்விக்குறியை அன்றைக்கு அவள் யாரிடமும் காட்டவில்லை.

ஜெயப்பிரகாஷ் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கம்பெனி தப்பு" என்றார்.

"நாமளும் சரிபாக்கல சார்."

"யார் பாக்குறா? உலகம் பூரா அந்தக் குப்பியத்தான் வாங்குறாங்க."

"அந்தக் குடும்பத்துக்குச் சொல்லணும் சார்."

"சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தப் புள்ளைக்கு இப்ப எட்டு ஒம்பது வயசு இருக்குமா? இனிமே எந்த மருந்தும் பெருசா வேலை செய்யாது. நாம ரிப்போர்ட்ல ஆராய்ச்சிக்கு மட்டும்னு தெளிவா போட்டிருக்கோம்." அவர் குரல் தாழ்ந்தது. "வெற்றி, நான் சொல்றதக் கேளு. அவங்க ஒரு மாதிரி மனசத் தேத்திக்கிட்டு இருப்பாங்க. போய்க் கெளறாத."

"திருத்தி எழுதிக் குடுங்க சார். நான் கொண்டுபோறேன்."

"இந்த லெட்டர்ஹெட்ல முடியாது."

அவள் வெள்ளைத் தாளில் தானே எழுதித் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்லங்குறிச்சியில் தன் வீட்டிலிருந்து கிளம்பி, அரியலூரில் பஸ் மாறி ரெட்டிபாளையத்தில் இறங்கினாள். லாரிகள் போன சாலையில் புழுதி அடங்கவே இல்லை. இருபுறமும் வேப்ப மரத்து இலைகள் சாம்பல் பூசியதுபோல நின்றன. பெட்டிக்கடையில் கேட்டதும், "கெடயில கெடக்குற புள்ள வூடா?" என்று வழி காட்டினார்கள்.

நந்தினி முன் அறைக் கட்டிலில் கிடந்தாள். கை விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. மூக்கு வழியாகக் குழாய் போயிருந்தது. ஜெயசுதா கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டி ஊசிக்குழலில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குழாயில் விட்டுக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வியை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்க மேடம், வாங்க. மாமா, லேப் மேடம் வந்துருக்காங்க பாருங்க. உக்காருங்க. ஏதாச்சும் புது மருந்து வந்துருக்கா?"

வீரமணி பின்கட்டிலிருந்து வந்தான். அவன் தோளில் ஒரு குழந்தை இருந்தது.

வெற்றிச்செல்விக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியாது. பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளை எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருந்தாள். அதில் எதிலும் இந்தக் குழந்தை இல்லை.

"பையன்" என்றாள் ஜெயசுதா. "மகேஷ். ஏழு மாசம் ஆவுது. ரெண்டாவது வேணவே வேணாம்னுதான் மேடம் இருந்தோம். இதுவும் இப்புடி ஆயிட்டா என்ன பண்றதுன்னு பயம். நீங்க குடுத்த காயிதம் வந்த பெறகுதான் எனக்குத் தைரியமே வந்துச்சு."

குழந்தையின் கண் வெண்மையில் இன்னும் லேசாக மஞ்சள் இருந்தது. சட்டைக்குக் கீழே வயிறு உப்பித் தெரிந்தது.

"மஞ்ச காமால இருந்துச்சா?" என்று வெற்றிச்செல்வி கேட்டாள்.

"பொறந்தப்ப இருந்துச்சு. ரெண்டு மாசம் ஆச்சு சரியாக. ஏன் கேக்குறீங்க?"

அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். எடுத்தவள் படிக்கவில்லை. "நாங்க குடுத்த ரிப்போர்ட் தப்புங்க" என்றாள். "நாங்க பாத்த மருந்து வேற எதையோ காட்டிடுச்சு. இப்ப சரியான மருந்துல திரும்பப் பாத்தேன். நந்தினிக்கு அந்தப் புரதம் இல்ல. அந்த நோய்தான். அது பரம்பரையா வர்றது. நான் அன்னிக்கே இன்னொரு தடவ பாத்திருக்கணும். எனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. கேக்காம வுட்டுட்டேன்."

ஊசிக்குழலில் பாதிக் கஞ்சி அப்படியே நின்றது.

வீரமணிதான் முதலில் வாயைத் திறந்தான். "டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தாரே" என்றான். அதையே இன்னொரு தரம் சொன்னான். பீரோவைத் திறந்து, ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த அந்தத் தாளை எடுத்து வந்து, கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

ஜெயசுதா நந்தினியின் வாயோரம் வழிந்ததைத் துடைத்தாள். எழுந்துவந்து வீரமணியின் தோளிலிருந்து குழந்தையை வாங்கி, வெற்றிச்செல்வியின் மடியில் வைத்தாள்.

"வயித்தத் தொட்டுப் பாருங்க."

"நான் டாக்டர் இல்லங்க."

"படிச்சவங்கதான? தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. இவனுக்கு இருக்கா இல்லயா?"

வெற்றிச்செல்வி குழந்தையின் வயிற்றின் இடது பக்கம் கையை வைத்தாள். விலா எலும்புக்குக் கீழே, தொப்புள் வரைக்கும், தோலுக்கடியில் கெட்டியான ஒரு விளிம்பு கையில் தட்டுப்பட்டது. குழந்தை அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது.

"ரத்தம் எடுத்துப் பாக்கணும்" என்றாள்.

"சரி, எடுங்க" என்றாள் ஜெயசுதா. குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அரியலூரில் ஒரு டாக்டரிடம் நால்வருக்கும் ரத்தம் எடுத்து, வெற்றிச்செல்வியே ரயிலில் சென்னைக்குக் கொண்டுபோய் மரபணுச் சோதனைக்குக் கொடுத்தாள். முடிவு வர ஆறு வாரம் ஆனது. வீரமணியிடமும் ஜெயசுதாவிடமும் அந்த மரபணுவின் ஒரு பிரதி கெட்டிருந்தது. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் நோய் வராது, பிள்ளைக்குப் போய்ச் சேரலாம். நந்தினியிடம் இரண்டுமே. மகேஷிடமும் இரண்டுமே.

அந்தக் காகிதத்தை அவள் ஜெயப்பிரகாஷின் மேசையில் வைத்தாள். பையன் பிறந்த தேதியை அவர் படித்தார். பழைய அறிக்கையின் தேதியையும் பார்த்தார். இரண்டையும் கீழே வைத்துவிட்டு, "இந்தப் பையனப் பத்தி எனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கும் தெரியாது சார்."

அன்று மாலையே அவர் திருத்தின அறிக்கையை ஆய்வகத் தாளில் அடித்துக் கையெழுத்திட்டார். பதினான்கு குடும்பத்துக்கும் தகவல் போனது. குப்பி விற்ற கம்பெனிக்கு இரண்டு படத்தையும் வைத்து எழுதினார்கள். அந்தத் தொகுதிக் குப்பிகளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டதாக நான்கு வரியில் பதில் வந்தது. வாங்கியவர்களுக்கெல்லாம் சொன்னீர்களா என்று வெற்றிச்செல்வி திரும்ப எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

நோயின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துகிற ஒரு மருந்து உண்டு. சென்னை அரசு மருத்துவமனையில் மகேஷைப் பதிவு செய்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா லீலாவதி வீரமணியைத் தனியாக அழைத்து ஒளிக்காமல் சொன்னார். "இந்த வகையில நுரையீரல் சீக்கிரம் போயிடும். மருந்து குடுப்போம். நந்தினிக்கு ஆறு வயசுல ஆரம்பிச்சிருந்தா இன்னும் கொஞ்ச வருஷம் நடந்திருப்பா. காப்பாத்தியிருக்க முடியாது. நடந்திருப்பா."

வீரமணி அந்தக் கடைசிச் சொல்லை வீட்டில் சொல்லவில்லை. வெற்றிச்செல்வியிடம் மட்டும் போனில் சொன்னான். ஏன் தன்னிடம் சொல்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுக்கொள்வது தன் கடமை என்று நினைத்தாள்.

தை மாதம் நந்தினிக்குச் சளி கட்டியது. அரியலூர் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் காலை எட்டு மணிக்கு மூச்சு நின்றது. வெற்றிச்செல்வி போனபோது உடம்பை வாசலில் பந்தலுக்கடியில் கிடத்தியிருந்தார்கள். சுரங்கத்து டிரைவர்கள் பத்துப் பதினைந்து பேர் வேலைச் சட்டையோடு வந்து நின்றார்கள். சொந்தக்காரப் பெண் ஒருத்தி வெற்றிச்செல்வியைக் காட்டி, "இவங்கதானா அது?" என்று ஜெயசுதாவிடம் கேட்டாள். ஜெயசுதா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெற்றிச்செல்வி மாலையைப் பிள்ளையின் காலடியில் வைத்துவிட்டு, புளியமரத்தடியில் ஆண்களுக்குப் பின்னால் நின்றாள். எடுத்துக்கொண்டு போன பிறகு பஸ் ஏறினாள்.

ஆய்வகத்தை விட்டுவிடலாமா என்று அந்த வாரம் யோசித்தாள். விடவில்லை. ஆனால் அதற்கப்புறம் எந்தக் குப்பி வந்தாலும், வெட்டிய செல்லில் போட்டுப் பார்க்காமல் அதை வேலைக்கு எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. தாமதமாகிறது என்று ஜெயப்பிரகாஷ் சில சமயம் முணுமுணுப்பார். அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்.

ஆவணியில் வீரமணி போன் செய்தான். மகேஷுக்கு ஒன்றே முக்கால் வயது ஆகியிருந்தது. உட்காருவான், நிற்க மாட்டான். இருமல் விட்டபாடில்லை. வீரமணி அதற்காகப் பேசவில்லை.

"சுதாவோட தங்கச்சி சுகன்யாவுக்குக் கல்யாணம் பேசுறாங்க மேடம். மாப்புள வேற யாரும் இல்ல, எங்க அண்ணன் மவன். சுதா ஒத்தக் கால்ல நிக்கிறா, ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துட்டுத்தான் தட்டு மாத்தணும்னு. எங்க வூட்லயும் சண்ட, அவ அம்மா வூட்லயும் சண்ட. பொண்ணப் பத்தித் தப்பாப் பேசுவாங்கன்னு எல்லாரும் கத்துறாங்க. அவ கேக்க மாட்டேங்குறா. நீங்க ஒரு நட வர முடியுமா?"

"அவங்க வரச் சொன்னாங்களா?"

"அவதான் நம்பர் போட்டுக் குடுத்தா."

வெற்றிச்செல்வி அரியலூரிலிருந்து ரத்தம் எடுக்கிற நர்ஸையும் கூட்டிக்கொண்டு போனாள். முன் அறையில் கட்டில் இல்லை. அந்த இடத்தில் பாய் விரித்து மகேஷை உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தலையணை அண்டக் கொடுத்திருந்தார்கள். சுகன்யா சுவரோரம் அழுத முகத்தோடு நின்றாள். மாப்பிள்ளைப் பையன் வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு யாரையும் பார்க்காமல் நின்றான்.

ஜெயசுதா உள்ளேயிருந்து வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு வெற்றிச்செல்வியை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"இந்தத் தடவ யாரு பாக்குறது? நீங்களா?"

"இல்லங்க. சென்னையில."

"தப்பா வந்துச்சுன்னா?"

வராது என்று வெற்றிச்செல்வி சொல்லியிருக்கலாம். "வரலாங்க" என்றாள். "எங்கயும் வரலாம்."

"அப்ப ரெண்டு எடத்துல குடுங்க" என்றாள் ஜெயசுதா. "ஒருத்தருக்கு ரெண்டு குழாய் எடுக்கச் சொல்லுங்க. ஒரு எடத்துக்கு இன்னொரு எடத்தப் பத்திச் சொல்லாதீங்க. ரெண்டு காயிதத்துலயும் ஒண்ணாப்போல கொற இல்லன்னு இருந்தாத்தான் நான் கல்யாணத்துக்குச் சரிம்பேன்."

நர்ஸ் நான்கு குழாய்களை எடுத்து வைத்தாள். பெயர்ச் சீட்டை வெற்றிச்செல்வி எழுதப் போனபோது ஜெயசுதா பேனாவை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சீட்டிலும் தானே எழுதி, எழுதியதை வாய்விட்டுப் படித்து, குழாயில் ஒட்டினாள். பிறகு வாசலுக்குப் போய் அந்தப் பையனை உள்ளே வரச் சொன்னாள்.

அவன் தயங்கினான். வீரமணி எழுந்துபோய் அவன் தோளில் கை போட்டு அழைத்து வந்தான். சுகன்யா சுவரை விட்டு நகர்ந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்து, சுடிதார்க் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி நீட்டினாள்.